தொலைக்காட்சி வாங்கும் முன் அளவுநாடாவை எடுங்கள்

தீபாவளி நெருங்கினால் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் கடைவீதிகளில் மின்சாதனக் கடைகளின் முன்னால் பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடும். '4கே', 'எச்.டி.ஆர்.', 'ஸ்மார்ட்', '65 அங்குலம்', 'முன்பணம் இல்லை' என்று எழுத்துகள் ஆள் உயரத்துக்கு இருக்கும். வீட்டில் பேச்சு எழும். "பக்கத்து வீட்டில் பெரியது வாங்கிவிட்டார்கள், நாமும் வாங்குவோம்" என்று முதலில் சொல்வது பெரும்பாலும் அப்பா அம்மா அல்ல, மாணவர்களே, நீங்கள்தான்.

கேட்பதில் தவறில்லை. தோட்டத்திலும் பட்டணத்திலும் நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு இரவில் நல்ல படம் பார்க்கும் உரிமை உண்டு. ஆனால் 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை ஒட்டிய வருமானத்தில் ஓடும் குடும்பத்துக்கு ஒரு தொலைக்காட்சி என்பது ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. ஒரு மாத உழைப்பை எதற்குக் கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்காமல் கொடுக்கலாமா?

நான் சொல்ல வருவது இதுதான்: அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். அந்தச் சிறிய எழுத்தைப் படித்துக் கணக்குப் போட வீட்டிலேயே மிகப் பொருத்தமானவர் நீங்கள்தான். அதற்கு வேண்டிய கணிதமும் அறிவியலும் உங்கள் மூன்றாம் படிவப் பாடத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

பழைய பெட்டி உண்மையிலேயே போய்விட்டதா?

கடைக்குப் போகும் முன் வீட்டில் இருப்பதைச் சோதியுங்கள். சத்தம் வருகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால், அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் திரை உயிரோடுதான் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் எல்.இ.டி. விளக்குகள் மட்டுமே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

'எல்.இ.டி. டி.வி.' என்று நாம் சொல்வது பெரும்பாலும் திரவப் படிகத் திரைதான். அது தானாக ஒளி தராது. பின்னால் இருக்கும் வெள்ளை விளக்குகளின் ஒளியைத் தடுத்தும் விட்டும் அது படம் காட்டுகிறது. அந்தச் சிறு விளக்குகள் பட்டைபட்டையாக, பெரும்பாலும் தொடர் இணைப்பில் இருக்கும். தொடர் சுற்றில் ஒரு விளக்கு அறுந்தால் என்ன ஆகும் என்று படித்திருப்பீர்கள்: அந்தப் பட்டை முழுவதும் அணைந்துவிடும். ஒரு சிறு விளக்கு போனதற்காகப் பல வீடுகளில் முழுப் பெட்டியையும் குப்பையில் போட்டுவிடுகிறோம். பழுதுபார்ப்பவர் பட்டையை மாற்றித் தருவார். புதிய பெட்டியின் விலையோடு அந்தக் கூலியை ஒப்பிட்ட பிறகே முடிவு செய்யுங்கள். ஆனால் பின்மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

எல்.இ.டி. நமக்குத் தூரத்துப் பொருள் அல்ல. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் 2017-ஆம் ஆண்டு ஓஸ்ராம் நிறுவனம் எல்.இ.டி. சில்லுகளைத் தயாரிக்கும் ஆலையைத் திறந்தது. அத்தகைய ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் உங்கள் உறவிலேயே இருக்கலாம். சூடு அதிகமானால் எல்.இ.டி.யின் ஆயுள் குறையும் என்பதை அவர்கள் சொல்வார்கள். அதனால்தான் திரையின் வெளிச்சத்தை எப்போதும் உச்சத்தில் வைக்கக் கூடாது.

கண் சொல்லும் எல்லை

சரி, புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எத்தனை அங்குலம்? இதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், உங்கள் வீட்டுச் சுவரிடம் கேளுங்கள். தொலைக்காட்சி நிற்கப்போகும் இடத்துக்கும் எல்லோரும் உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லயன் வீட்டிலும் மலிவு விலை அடுக்குமாடியிலும் கூடம் பெரிதாக இருக்காது. இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

கடையில் சொல்லும் அங்குலம் திரையின் மூலைவிட்ட நீளம். நமக்கு வேண்டியது அகலம். இங்கே பித்தகோரஸ் உதவுவார். திரையின் அகலமும் உயரமும் 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கும். 16-இன் வர்க்கத்தையும் 9-இன் வர்க்கத்தையும் கூட்டினால் 337; அதன் வர்க்கமூலம் சுமார் 18.36. 43 அங்குலம் என்பது 109.2 சென்டிமீட்டர். அதை 18.36-ஆல் வகுத்து 16-ஆல் பெருக்கினால் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். இதே வழியில் 32 அங்குலத்துக்கு 71, 55 அங்குலத்துக்கு 122, 65 அங்குலத்துக்கு 144 சென்டிமீட்டர் வரும்.

பொதுவாக, உட்காரும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை திரையின் அகலம் இருந்தால் பார்க்க வசதியாக இருக்கும். இரண்டரை மீட்டருக்கு அது 83 முதல் 125 சென்டிமீட்டர். ஆக, உங்கள் கூடத்துக்கு 43 முதல் 55 அங்குலம் பொருந்தும். 65 அங்குலம் வாங்கினால் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கண்ணையும் கழுத்தையும் திருப்பிக்கொண்டே இருக்க நேரிடும்.

அடுத்தது 4கே. முழு எச்.டி. திரையில் குறுக்கே 1,920 படப்புள்ளிகள் இருக்கும். 4கே திரையில் 3,840. மொத்தத்தில் நான்கு மடங்கு புள்ளிகள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க உங்கள் கண்ணால் முடியுமா?

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் சிறு கோணம் வரைதான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காணும். அதைவிட நெருங்கிய புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். இரண்டரை மீட்டர் தூரத்தில் அந்தக் கோணத்தின் அகலம் சுமார் 0.73 மில்லிமீட்டர். இப்போது வகுத்துப் பாருங்கள். 43 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம், 952 மில்லிமீட்டரை 1,920-ஆல் வகுத்தால், சுமார் 0.5 மில்லிமீட்டர். 55 அங்குலத்தில் 0.63. இரண்டுமே கண்ணின் எல்லைக்கு உள்ளே இருக்கின்றன. 65 அங்குலத்துக்கு வரும்போதுதான் 0.75 ஆகி எல்லையைச் சற்றே தாண்டுகிறது.

அதாவது, இரண்டரை மீட்டரில் உட்கார்ந்து 43 அங்குலத்தில் பார்க்கும் வீட்டில் 4கே-யின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. கடையில் மட்டும் தெரிகிறதே என்பீர்கள். கடையில் நீங்கள் அரை மீட்டரில் நின்று, அதற்கென்றே எடுத்த படத்தைப் பார்க்கிறீர்கள். இன்று 43 அங்குலத்துக்கு மேல் உள்ள பெட்டிகளில் பெரும்பாலானவை 4கே-யாகவே வருகின்றன என்பதும் உண்மை. அதே விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள், நட்டமில்லை. அந்த ஒரு சொல்லுக்காக இருநூறு, முந்நூறு வெள்ளி கூட்டிக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஜெராய் மலையைப் பார்க்கும் ஏரியல்

திரை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், வருகிற படத்தைவிட நன்றாக அது காட்டிவிட முடியாது. அப்படியானால் உங்கள் வீட்டுக்குப் படம் எங்கிருந்து வருகிறது?

கடாரத்துக்கு வந்த பழங்காலக் கப்பல்களுக்கு ஜெராய் மலை கடலிலிருந்தே அடையாளம் காட்டியது. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள அதே மலை இன்று நம் ஏரியல்களுக்குத் திசை காட்டுகிறது. இலக்கமுறை ஒளிபரப்புக் கோபுரம் அங்கே இருக்கிறது. மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது முதலில் நிறுத்தப்பட்டது நம் கெடாவின் லங்காவியில்தான், 2019 ஜூலை 21-ஆம் நாள். அதே ஆண்டு அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் முடிந்தது. இந்த இலக்கமுறை அலைவரிசைகளை மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம்.

இங்கேதான் முதல் சிறிய எழுத்து வருகிறது. பெட்டியின் விவரப் பட்டியலில் 'டி.வி.பி.-டி2' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டின் இலக்கமுறை ஒளிபரப்பின் தரம் அது. அது உள்ளே இருந்தால் ஏரியலை நேரடியாகச் செருகலாம். இல்லையென்றால் தனியாக டிகோடர் வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளிலும் கைமாறி வரும் பழைய பெட்டிகளிலும் இதைக் கட்டாயம் பாருங்கள். மறுபக்கம், பழைய பெட்டி நல்ல நிலையில் இருந்தால், டிகோடர் ஒன்றைச் சேர்த்தாலே அது இன்றைய ஒளிபரப்பைக் காட்டும். அதுதான் எல்லாவற்றிலும் மலிவான 'புதிய' தொலைக்காட்சி.

இந்த ஒளிபரப்பு ஏறத்தாழ 600 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி வருகிறது. அலைநீளம் சுமார் அரை மீட்டர். இத்தகைய அலைகள் மலையைச் சுற்றி அதிகம் வளைவதில்லை. கோபுரத்துக்கும் ஏரியலுக்கும் இடையே தடை இல்லாமல் இருப்பது நல்லது. பீடோங், குருண் பக்கம் ஜெராய் கண்ணெதிரே நிற்கிறது. பாலிங், சிக் போன்ற மலைப்பாங்கான பகுதிகளில் குன்றுகள் குறுக்கே வரலாம். அங்கே உயரமான ஏரியல்தான் படத்தைக் காப்பாற்றும்.

இன்னொன்றும் உண்டு. அனலாக் காலத்தில் அலை பலவீனமானால் திரையில் புள்ளிபுள்ளியாக மழை பெய்யும், ஆனாலும் படம் தெரியும். இலக்கமுறையில் அந்த நடுநிலை இல்லை. குறிப்பிட்ட அளவு வரை பிழைகளைப் பெட்டியே திருத்திவிடும், படம் பளிச்சென்று இருக்கும். அந்த அளவைத் தாண்டியதும் படம் கட்டம்கட்டமாக உடைந்து மறைந்துவிடும். ஆகவே புதிய பெட்டியில் படம் விட்டுவிட்டு வந்தால் உடனே பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். ஏரியலின் திசையையும் கம்பியையும் முதலில் பாருங்கள். ஏரியலுக்குச் செலவிடும் சிறு தொகை, திரைக்குக் கூட்டிக் கொடுக்கும் பெரிய தொகையைவிடப் பயன் தரலாம்.

இணையத்தில் பார்ப்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தரும் விவரப்படி, எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை செலவாகும், 4கே-யில் 7 ஜி.பி. வரை. கைப்பேசித் தரவை வீடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தில் 4கே படம் மூன்று பார்த்தால் தரவுப் பொட்டலம் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மற்றப் பெரிய எழுத்துகள்

எச்.டி.ஆர். என்பது வெளிச்சமும் இருட்டும் அருகருகே வரும்போது இரண்டையும் சரியாகக் காட்டும் முறை. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் அதற்குத் திரை மிகவும் பிரகாசமாக ஒளிர வேண்டும். விலை குறைந்த பெட்டிகள் அந்தக் குறியீட்டை வாங்கிக்கொள்ளும். அந்த வெளிச்சத்தைத் தரமாட்டா.

'மோஷன் 200' போன்ற எண்களைத் திரையின் உண்மையான வேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான திரைப்படங்கள் நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகின்றன. 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் திரை செய்திக்கும் நாடகத்துக்கும் படத்துக்கும் போதும்.

'ஸ்மார்ட்' வசதி வேண்டுமானால் இருக்கட்டும். ஆனால் திரை பத்து ஆண்டு உழைக்கலாம். அதிலுள்ள மென்பொருளுக்குப் புதுப்பிப்பு அவ்வளவு காலம் வருவது அரிது. எனவே எச்.டி.எம்.ஐ. துளைகள் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு மென்பொருள் பழையதானால் ஒரு சிறு கருவியைச் செருகி வேலையை முடித்துக்கொள்ளலாம்.

கடையில் மூன்று சோதனை செய்யுங்கள். விளம்பரப் படத்தை நிறுத்திவிட்டுச் சாதாரணச் செய்தி அலைவரிசையைப் போடச் சொல்லுங்கள். கண்ணைப் பறிக்கும் நிற அமைப்பிலிருந்து இயல்பு நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள். நம் வீடுகளில் எல்லோரும் நேர் எதிரே உட்காருவதில்லை. பாட்டி ஒரு மூலையில், தம்பி தரையில். சில திரைகளில் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். அப்படியே சத்தத்தையும் கேளுங்கள். மெல்லிய பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஒலிபெருக்கி, மழைநாளில் தகரக் கூரைச் சத்தத்தோடு போட்டியிட வேண்டியிருக்கும்.

நட்சத்திரமும் மின்கட்டணமும்

இன்னொரு சிறிய எழுத்து, எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர வில்லையில் இருக்கிறது. ஓராண்டில் எத்தனை கிலோவாட் மணி செலவாகும் என்று அதில் இருக்கும். நீங்களே கணக்கிடவும் செய்யலாம். 60 வாட் பெட்டி நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு சுமார் 110 கிலோவாட் மணி. 100 வாட் பெட்டியானால் சுமார் 183. ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்று வைத்தால் வேறுபாடு ஆண்டுக்கு 22 வெள்ளி. உங்கள் வீட்டுக் கட்டணச் சீட்டில் உள்ள விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் பத்து ஆண்டுக்கு 220 வெள்ளி. விலையில் ஐம்பது வெள்ளி கூடுதலாக இருந்தாலும் நட்சத்திரம் கூடுதலாக உள்ள பெட்டி இலாபமாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் சிறிய எழுத்து

மிகவும் சிறிதாக அச்சிட்டிருப்பது தவணையின் மொத்தத் தொகை. 'மாதம் 69 வெள்ளி மட்டும்' என்று பதாகை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 36 மாதம். பெருக்கினால் 2,484 வெள்ளி. அதே பெட்டியின் ரொக்க விலை 1,300 என்றால், கூடுதலாகக் கொடுப்பது 1,184 வெள்ளி. ஏறக்குறைய இன்னொரு தொலைக்காட்சி! மாதம் 1,700 வெள்ளியை 26 வேலை நாளால் வகுத்தால் நாள் கூலி சுமார் 65 வெள்ளி. அந்தக் கூடுதல் தொகை உங்கள் அப்பாவோ அம்மாவோ வெயிலிலும் மழையிலும் உழைத்த 18 நாள்.

இதே 69 வெள்ளியை மாதாமாதம் எடுத்து வைத்தால் 19-ஆம் மாதத்தில் ரொக்கமாகவே வாங்கிவிடலாம். "அதுவரை எதைப் பார்ப்பது?" என்று கேட்பீர்கள். அதற்குத்தான் பழைய பெட்டியை முதலில் சோதிக்கச் சொன்னேன். தவணையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சில வீடுகளுக்கு வேறு வழி இருக்காது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். வாடகைக் கொள்முதல் என்றால் 1967-ஆம் ஆண்டின் சட்டம் அதற்குப் பொருந்தும், ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். உங்களால் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் பெருக்க முடியும். அந்தப் பெருக்கலைக் கடையில், பெற்றோரின் பக்கத்தில் நின்று, கைப்பேசியில் செய்து காட்டுங்கள்.

இரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதம் திரைக்கும் உண்டா, எத்தனை ஆண்டு, பழுதுபார்க்கும் நிலையம் அருகில் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரச்சினை தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். வடக்கில் நமக்குப் பக்கத்திலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இருக்கிறது. பெட்டி வந்த பிறகு இடி இடிக்கும்போது மின்செருகியோடு ஏரியல் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்னலால் ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதில்லை.

"பெரியவர்கள் வாங்கும் பொருளில் பிள்ளைகள் தலையிடலாமா?" என்று சிலர் கேட்கலாம். தலையிட வேண்டாம், உதவுங்கள். கோணமும் மின்திறனும் தேர்வுத் தாளில் மதிப்பெண் வாங்க மட்டும் என்றால் அவை அங்கேயே தங்கிவிடும். வீட்டின் 18 நாள் கூலியைக் காப்பாற்றினால்தான் அவை அறிவியலாகும்.

இந்த வாரம் ஒரு தாளில் ஆறு வரி எழுதுங்கள்: உட்காரும் தூரம், அதற்கேற்ற அங்குலம், டி.வி.பி.-டி2 உண்டா, ஆண்டு மின்செலவு, உத்தரவாதக் காலம், கொடுக்கப்போகும் மொத்தத் தொகை. கடைக்குப் போகும்போது அந்தத் தாள் அம்மாவின் கையில் இருக்கட்டும். பதாகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.